இருநூற்றுப் பதினான்காம் பக்கம்

அந்த உயராய்வு நிறுவனத்தில் ஒரு புத்தகத்தைப் படிக்காமல் மேற்கோள் காட்டுவதற்கு ஒரு பக்கப் படிவம் போதும். படித்துவிட்டுக் காட்டுவதென்றால் பதினான்கு பக்கம். புத்தகம் அயல்மொழியில் இருந்தால் அந்தப் பதினான்கையும் மூன்று பிரதி எடுத்து, மூன்றாவது பிரதி தொலைந்துவிட்டதற்கு விண்ணப்பதாரரே மன்னிப்புக் கேட்டு ஒரு கடிதமும் இணைக்க வேண்டும். எப்படியும் அது தொலையத்தான் போகிறது என்பதால் இந்த முன்யோசனை. இதெல்லாம் தெரியாமல் ஒரு மனிதர் ஓர் அயல்மொழிப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படித்துத் தொலைத்துவிட்டார்.

நிறுவனத்தில் அவருக்கு ரொட்டிக்காரர் என்று பெயர். வாலிப வயதில் வெளிநாட்டுப் பேக்கரி ஒன்றில் எட்டு வருடம் மாவு பிசைந்தவர். ஊர் திரும்பி, அஞ்சல் வழியில் பட்டம் வாங்கி, தலை நரைக்கத் தொடங்கியபோது ஆய்வு மாணவராகச் சேர்ந்தவர். தலைப்பு, மாவுத் தூசியும் தொழிலாளர் நுரையீரலும். ஊரில் இல்லாத தலைப்பா என்று கேட்டவர்களுக்கு அவர் பதில் சொன்னதில்லை. பதில் வீட்டில் இருந்தது. அவர் மனைவி மாவு மில்லில் மூட்டை கட்டும் பிரிவில் வேலை பார்த்தாள்.

அந்த மில்லின் சுவரில் ஒரு பலகை உண்டு. "பத்தாண்டு நிறைந்த தொழிலாளர்க்கு மாஸ்க் தேவையில்லை. ஆதாரம்: அயல்மொழி நூல், பக்கம் 214" என்று அதில் எழுதியிருக்கும். பத்து வருடம் முடிந்தவர்களுக்கு மில்லில் விழா எடுப்பார்கள். மேடையில் ஏற்றி, மாஸ்க்கைத் திரும்ப வாங்கிக்கொண்டு, ஒரு சுவர்க் கடிகாரத்தைக் கையில் கொடுத்துக் கைதட்டுவார்கள். சொந்தமாக மாஸ்க் வாங்கிப் போட்டுக்கொள்ளலாம் என்றால் அதுவும் நடக்காது. உணவுப் பொருள் புழங்கும் இடத்தில் வெளிப்பொருளுக்கு அனுமதி இல்லை.

மனைவிக்குப் பத்து வருடம் முடிய ஐந்து மாதம் இருந்தது.

"ஏங்க, இதுவரைக்கும் கடிகாரம் வாங்கின நூத்திச் சொச்சம் பேரும் எங்க இருக்காங்க தெரியுமா?" என்று ஒருநாள் கேட்டாள். "பாதிப் பேர் ஆஸ்பத்திரியில மணி பாத்துக்கிட்டு இருக்காங்க."

அதற்குப் பிறகுதான் ரொட்டிக்காரர் அந்தப் புத்தகத்தைத் தேட ஆரம்பித்தார். நிறுவன நூலகத்தில் அது இல்லை. எப்போதும் இருந்ததில்லை. ஆனால் நிறுவனத்தில் இதுவரை வெளிவந்த நாற்பத்தொரு ஆய்வேடுகள் அதை மேற்கோள் காட்டியிருந்தன. எல்லாவற்றிலும் அதே வரி, அதே பக்கம். "பத்தாண்டு பழகிய நுரையீரலுக்கு மாவுத் தூசியால் தீங்கில்லை (பக். 214)." முதலில் எழுதியவர் இன்றைய இயக்குநர், முப்பது வருடத்துக்கு முன்னால். மற்ற நாற்பது பேரும் பெரியவர்களைப் பின்பற்றினார்கள்.

ரொட்டிக்காரர் தன் பழைய பேக்கரி முதலாளியம்மாவுக்கு ஒரு கடிதம் போட்டார். அந்த அம்மாள் ஏதோ பழைய புத்தகக் கடையில் தேடிப் பிடித்து, ஒரு பிரதியை அனுப்பிவைத்தாள். எழுதியவர் ஒரு மருத்துவர். நல்ல புத்தகம், தெளிவான நடை. ஒரே ஒரு குறைதான். அதில் மொத்தமே நூற்று எண்பத்தெட்டுப் பக்கங்கள் இருந்தன.

மாவுத் தூசியும் பத்து வருடமும் பற்றிய பேச்சு அறுபத்தொன்றாம் பக்கத்தில் வந்தது. அங்கே அந்த மருத்துவர் எழுதியிருந்தது இது: "பத்தாண்டு கடந்தவர்களின் நுரையீரலே எல்லாரையும்விட மோசம். இவர்களுக்குப் பழகிவிட்டது என்று சொல்பவர்கள் இவர்கள் பக்கத்தில் ஓரிரவு படுத்துப் பார்க்கட்டும்."

ரொட்டிக்காரர் அதை அப்படியே ஆய்வேட்டில் எழுதினார். அடிக்குறிப்பில் பக்கம் 61 என்று போட்டார். உலகம் இனி நேராகிவிடும் என்று நினைத்தார். பாவம், மாவு பிசைந்த கை.

மூன்றாம் மாடியில் இருந்தது மேற்கோள் பிரிவு. அதன் அதிகாரியிடம் இரண்டு மூக்குக் கண்ணாடிகள் உண்டு. அயல்மொழிக் காகிதம் எது வந்தாலும் கண்ணாடியை மாற்றிக்கொள்வார். அவருக்கு எந்த அயல்மொழியும் படிக்கத் தெரியாதுதான். ஆனாலும் மரியாதை என்று ஒன்று இருக்கிறதல்லவா.

"இந்தப் புத்தகத்தை எங்க பாத்தீங்க?" என்று அதிகாரி கேட்டார்.

"படிச்சேன் சார்."

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். "யார் மூலமா?"

"நேரா சார்."

"நேரான்னா? நடுவுல யாருமே இல்லையா?"

"இல்ல சார். புத்தகம், நான், அவ்வளவுதான்."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இதுவரைக்கும் நாப்பத்தோரு பேர் இதை மேற்கோள் காட்டியிருக்காங்க. ஒருத்தர்கூட இப்படி வம்பு பண்ணலை. முன்னாடி யார் எழுதினாரோ அவரைப் பாத்து எழுதினோம்னு ஒரு பக்கப் படிவம், ஒரு கையெழுத்து, முடிஞ்சுது வேலை. நீங்க படிச்சேன்னு சொல்றீங்க. அப்போ அந்த மொழி தெரியும்னு நிரூபிக்கணும்."

ரொட்டிக்காரர் எட்டு வருடச் சம்பளச் சீட்டுகளையும் பேக்கரி கொடுத்த சான்றிதழையும் எடுத்து மேஜையில் வைத்தார்.

"இது வயித்துக்காகக் கத்துக்கிட்ட மொழி," என்றார் அதிகாரி. "ஆய்வுக்காகக் கத்துக்கிட்ட மொழி வேற. தேர்வு வைக்கணும்."

தேர்வு வைக்க அந்த மொழி தெரிந்தவர் நிறுவனத்தில் இல்லை. அதனால் மொழி தெரியாதவர்கள் மூவர் நியமிக்கப்பட்டார்கள். பாரபட்சம் இருக்கக் கூடாது என்பது காரணம். பத்து நிமிடம் அந்த மொழியில் பேசச் சொன்னார்கள். திடுதிப்பென்று என்ன பேசுவது? ரொட்டிக்காரருக்கு முதலாளியம்மா எட்டு வருடம் திட்டிய திட்டுதான் நாக்கு நுனியில் நின்றது. சோம்பேறி, தூங்குமூஞ்சி, அடுப்பைப் பார், ரொட்டி கருகுகிறது பார், உன்னைக் கட்டப்போகிறவள் என்ன பாவம் செய்தாளோ என்று ஏற்ற இறக்கத்தோடு பேசினார். மூவரும் தலையாட்டி ரசித்தார்கள். ஒருவருக்குக் கண் கலங்கியது.

"உச்சரிப்பு சுத்தம். உணர்ச்சியும் இருக்கு," என்றார் நடுவில் இருந்தவர். "ஆனா நீங்க சொன்னது சரியா தப்பான்னு எங்களுக்குத் தெரியாது. அதனால முடிவை நிறுத்தி வெச்சிருக்கோம்."

இதற்குள் இரண்டு மாதம் ஓடிவிட்டது. வீட்டில் மனைவி நாள்காட்டியில் ஒவ்வொரு நாளாக அடித்துக்கொண்டு வந்தாள்.

பொறுத்தது போதும் என்று ஒருநாள் புத்தகத்தையே தூக்கிக்கொண்டு போய் அதிகாரி முன் வைத்தார். "மொழியை விடுங்க சார். எண்ணத் தெரிஞ்சாப் போதும். இதுல நூத்தி எண்பத்தெட்டுப் பக்கம்தான் இருக்கு. இருநூத்திப் பதினாலாம் பக்கம்னு ஒண்ணு கிடையவே கிடையாது."

அதிகாரியின் முகம் வெளுத்தது. தன் முன்னால் இருப்பது புத்தகம் அல்ல, வெடி என்று அவருக்குப் புரிந்துவிட்டது. உடனே ஒரு பக்க எண்ணிக்கைக் குழு அமைக்கப்பட்டது. மூன்று பேர் ஒன்றரை நாள் எண்ணினார்கள். இருவர் நூற்று எண்பத்தெட்டு என்றார்கள். மூன்றாமவர் அட்டை இரண்டையும் சேர்த்து நூற்றுத் தொண்ணூறு என்று மாற்றுக் கருத்துப் பதிவு செய்தார். அறிக்கை இயக்குநரிடம் போனது.

இயக்குநர் கூட்டம் கூட்டினார். நல்ல உயரம், கணீரென்ற குரல். எந்த அவையிலும் முதலில் உட்கார்ந்து கடைசியில் எழுந்திருப்பவர்.

"ஒரு பக்கம் நாற்பத்தொரு ஆய்வேடுகள். மறுபக்கம் ஒரே ஒரு புத்தகம். நாற்பத்தொன்று பெரிசா, ஒண்ணு பெரிசா?" என்று கேட்டார். அவை ஒரே குரலில் நாற்பத்தொன்று என்றது. "அப்போ குறை எங்க இருக்கு? புத்தகத்துல இருக்கு. இது குறைப்பிரதி. இருபத்தாறு பக்கம் விழுந்துபோச்சு."

"ஐயா, கடைசிப் பக்கத்துல 'முற்றும்'னு போட்டிருக்கே," என்றார் ரொட்டிக்காரர்.

"அச்சடிச்சவன் அவசரக்காரனா இருந்திருப்பான்." இயக்குநர் சிரித்தார். அவை சிரித்தது. "தம்பி, நானே அந்தப் பக்கத்தைப் பாத்ததா எழுதியிருக்கேன். பாக்காமலா எழுதியிருப்பேன்? உங்களுக்கு ஒண்ணு சொல்றேன், மனசுல வெச்சுக்கங்க. அயல்மொழி மேற்கோள் ஒண்ணாவது இல்லைன்னா ஆய்வேட்டுக்குக் கனமே வராது. என் ஆசிரியர் எனக்குச் சொன்னது. பக்க எண்ணையும் யோசிச்சுத்தான் போடணும். ஒன்பது, பத்துன்னு போட்டா முன்னுரையைத் தாண்டலைன்னு தெரிஞ்சுடும். ஐந்நூறுன்னா யாரும் நம்ப மாட்டாங்க. இருநூத்திச் சொச்சம்தான் உழைச்ச மாதிரி இருக்கும்."

அவையில் பலர் இதைக் குறித்துக்கொண்டார்கள்.

விழுந்துபோன பக்கங்களைக் கேட்டு வெளிநாட்டுப் பதிப்பகத்துக்குக் கடிதம் போனது. மூன்று வாரத்தில் பதில் வந்தது. நாலே வரி. ரொட்டிக்காரர் ஒரு பார்வையில் படித்துவிட்டார். இந்த நூலுக்கு ஒரே பதிப்புதான், நூற்று எண்பத்தெட்டுப் பக்கம்தான், நீங்கள் கேட்கும் பக்கம் எங்களுக்குத் தெரியாது, வணக்கம். ஆனால் அவர் சம்பந்தப்பட்டவர் என்பதால் அவர் மொழிபெயர்ப்பு செல்லாது. நிறுவனத்தின் பட்டியலில் ஓர் அங்கீகரிக்கப்பட்ட மொழிபெயர்ப்பாளர் இருந்தார். அவர் பெயருக்கு எதிரே, மொழி என்ற இடத்தில், "அயல்மொழி (பொது)" என்று போட்டிருந்தது.

பொது மொழிபெயர்ப்பாளர் கடிதத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். திருப்பிப் பார்த்தார். உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தார்.

"உங்களுக்கு இந்த மொழி தெரியுமாங்க?" என்று ரொட்டிக்காரர் மெதுவாகக் கேட்டார்.

"மொழி எதுக்கு? உலகத்துல கடிதம் மூணு வகைதான். கேக்குற கடிதம், குடுக்குற கடிதம், மாட்டேன்னு சொல்ற கடிதம். மாட்டேங்கிறவன் நீட்டி முழக்குவான். இது நாலு வரி. அப்போ சம்மதம்." உட்கார்ந்து எழுதினார்: "தங்கள் மடல் கண்டு மகிழ்ந்தோம். விடுபட்ட பக்கங்களைத் தாங்களே நிறைவு செய்துகொள்ள முழுச் சம்மதம்." கீழே முத்திரை விழுந்தது.

நிறுவனத்தில் ஒரே கொண்டாட்டம். முழுப் பதிப்பு நாமே கொண்டுவருவோம் என்றார் இயக்குநர். ஆனால் நூற்று எண்பத்தொன்பதிலிருந்து இருநூற்றுப் பதினான்குவரை யார் எழுதுவது? மேற்கோள் அதிகாரி ரொட்டிக்காரரைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். நாற்காலி எல்லாம் போட்டார்.

"நம்மகிட்ட அந்த மொழி தெரிஞ்ச ஒரே ஆள் நீங்கதான்."

"எனக்குத் தெரியும்னு இன்னும் நிரூபணம் ஆகலையே சார்?"

"படிக்கத் தெரியும்னுதான் நிரூபணம் ஆகலை. எழுத வேண்டாம்னு யாரு சொன்னா?" அதிகாரி குரலைத் தாழ்த்தினார். "இருபத்தாறு பக்கம். எழுதிக் குடுங்க. உங்க ஆய்வேட்டை அப்புறம் நல்லபடியாப் பாத்துக்கலாம்."

ரொட்டிக்காரர் வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னார். அவமானமாக இருந்தது. "பொய்ப் பக்கம் எழுதச் சொல்றாங்க. நான் எழுத மாட்டேன்," என்றார்.

மனைவி துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள். "எத்தனாம் பக்கத்துல உண்மை இருக்குன்னு சொன்னீங்க?"

"அறுபத்தொண்ணு."

"அதை அங்க யாரும் பாக்கலை. எல்லாரும் பாக்குற பக்கம் எது?"

"இருநூத்திப் பதினாலு."

"அப்போ உண்மையை அங்க குடிவைக்க வேண்டியதுதானே? வாடகையா கேக்கப் போறாங்க?"

ரொட்டிக்காரர் கணக்குப் போட்டுப் பார்த்தார். அதே புத்தகத்தின் முப்பத்தாறாம் பக்கத்தை நூற்று எண்பத்தொன்பதாக வைத்து வரிசையாகத் திரும்ப எழுதிக்கொண்டே போனால், அறுபத்தொன்று சரியாக இருநூற்றுப் பதினான்கில் வந்து உட்கார்ந்தது. ஒரு புள்ளிகூடத் தன் கையால் சேர்க்கவில்லை. பத்து நாளில் எழுதி முடித்துக் கொடுத்தார்.

அதிகாரி கண்ணாடியை மாற்றிக்கொண்டு இருபத்தாறு பக்கத்தையும் புரட்டினார். "நடை முன்பகுதியோட அப்படியே ஒத்துப்போகுது," என்று பாராட்டினார். இயக்குநர் அணிந்துரை எழுதினார். முப்பது ஆண்டுகளுக்கு முன் தாம் படித்துச் சிலிர்த்த பக்கங்களை மீண்டும் படித்தபோது கண் பனித்ததாக அதில் இருந்தது. கெட்டி அட்டையில் முழுப் பதிப்பு வந்தது. பக்கம் 214-க்கு அதிகாரப்பூர்வத் தமிழாக்கம் செய்யும் பொறுப்பு பொது மொழிபெயர்ப்பாளரிடம் போனது. அவர் பக்கத்தைத் திறக்கவே இல்லை. "இது ஊருக்கே தெரிஞ்ச பக்கமாச்சே," என்று சொல்லி, பழைய வரியை எழுதிக் கொடுத்துவிட்டார். பத்தாண்டு பழகிய நுரையீரலுக்குத் தீங்கில்லை.

ரொட்டிக்காரருக்கு அழுகை வந்துவிட்டது. அவர்கள் படிக்க மாட்டார்கள் என்று தெரியும். இவ்வளவு உறுதியாகப் படிக்க மாட்டார்கள் என்று தெரியாது.

மறு வாரம் மில்லில் விழா. ஏழு பேர் பத்து வருடம் முடித்திருந்தார்கள். அவர் மனைவி ஐந்தாவது. மூட்டைகளை ஓரமாக அடுக்கி மேடை போட்டிருந்தார்கள். கடிகாரங்கள் ஏழும் மேஜையில் ஏழு விதமாக மணி காட்டின. சிறப்பு விருந்தினர் நம் இயக்குநர். கையில் புதிய முழுப் பதிப்பு. ரொட்டிக்காரர் குடும்பத்தாருக்கான பெஞ்சில் கடைசியாக உட்கார்ந்திருந்தார்.

முதல் நால்வரும் மாஸ்க்கைக் கொடுத்துவிட்டுக் கடிகாரம் வாங்கிக்கொண்டு இறங்கினார்கள். மனைவி மேடையேறினாள். மில் மேனேஜர் கையை நீட்டினார். அவள் மாஸ்க்கைக் கழற்றவில்லை.

"கழட்டும்மா," என்றார் மேனேஜர்.

"தர்றேங்க. அதுக்கு முன்னாடி சுவத்துல எழுதியிருக்கே, அந்தப் பக்கத்தை ஒரு தடவை படிச்சுக் காட்டச் சொல்லுங்க. பத்து வருஷமாப் பாத்துக்கிட்டே இருக்கேன். அதுல என்னதான் இருக்குன்னு காதால கேட்டுட்டுக் குடுத்துடறேன். ஐயாதான் கைலயே வெச்சிருக்காரே."

கூட்டம் கைதட்டியது. இவ்வளவு நல்ல யோசனை அந்த விழாவில் அதுவரை வந்ததில்லை.

இயக்குநர் புத்தகத்தைத் திறந்தார். இருநூற்றுப் பதினான்கைத் தேடி எடுத்தார். பக்கத்தைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார். எழுத்துகள் எல்லாம் எறும்பு வரிசை போல இருந்தன. புத்தகத்தை மேனேஜரிடம் நீட்டினார். மேனேஜர் அதை அவசரமாகத் திருப்பிக் கொடுத்தார். "நான் ஏற்கெனவே படிச்சாச்சுங்க," என்றார்.

"அயல்மொழியை அதற்குரிய உச்சரிப்போடுதான் படிக்கணும்," என்றார் இயக்குநர் மைக்கில். நெற்றியில் வேர்த்திருந்தது. "நம் நிறுவனத்திலேயே உச்சரிப்பில் தேர்வானவர் ஒருவர் இங்கே இருக்கிறார். அவர் படிப்பார்."

ரொட்டிக்காரர் மேடையேறினார். அந்தப் பக்கத்தை மூலத்தில் படித்தார். பிறகு மைக்கை வாய்க்கு அருகில் இழுத்து, ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னார். பத்தாண்டு கடந்தவர்களின் நுரையீரலே எல்லாரையும்விட மோசம். பழகிவிட்டது என்று சொல்பவர்கள் இவர்கள் பக்கத்தில் ஓரிரவு படுத்துப் பார்க்கட்டும்.

மில்லில் அன்றைக்கு இருந்த அமைதியில் ஏழு கடிகாரமும் கேட்டன. பின்வரிசையில் யாரோ இருமினார்கள். அதைத் தொடர்ந்து இன்னொருவர். பழைய கடிகாரக்காரர்கள் வரிசையாக இருமத் தொடங்கினார்கள். வேண்டுமென்றே இருமியவர் ஒருவரும் இல்லை.

மேனேஜர் இயக்குநரைப் பார்த்தார். "ஐயா, இதுவா போட்டிருக்கு?"

இயக்குநருக்கு முன்னால் இரண்டு வழி இருந்தது. அந்தப் பக்கத்தைத் தனக்குப் படிக்கத் தெரியாது என்று சொல்லலாம். அல்லது.

"வேறென்ன போட்டிருக்கும்?" என்று கணீரென்று சொன்னார். "முப்பது வருஷமா நான் இதைத்தானே தொண்டை கிழியச் சொல்லிக்கிட்டு வர்றேன்! நீங்கதான் பலகையில தப்பா எழுதி வெச்சிருக்கீங்க."

"அப்படித்தான் நானும் நினைச்சேன்," என்றார் மேனேஜர்.

மனைவி மாஸ்க்கோடு மேடையிலிருந்து இறங்கினாள். கடிகாரத்தையும் விடாமல் எடுத்துக்கொண்டாள். முதலில் கொடுத்த நால்வரும் மேடைக்கு ஓடிப்போய்த் தங்கள் மாஸ்க்கை மேஜையிலிருந்து அள்ளினார்கள். அந்த வாரமே பலகையை மாற்றி எழுதினார்கள். பழையவர்கள் எல்லாருக்கும் மாஸ்க் வந்தது. மனைவி வேலை முடிந்து வீட்டுக்கு வரும்போது மூக்கின் மேல் பட்டை பதிந்த கோடு இருந்தது. ரொட்டிக்காரருக்கு அதைப் பார்க்கப் பார்க்கச் சந்தோஷம்.

நாற்பத்தொரு ஆய்வேடுகளிலும் 'தீங்கில்லை' என்ற வரியின் மேல் 'எல்லாரையும்விட மோசம்' என்று நிறுவனம் சத்தமில்லாமல் ஒரு திருத்தச் சீட்டு ஒட்டியது. யாருடைய பட்டமும் பறிபோகவில்லை. ஒரு மாதம் கழித்து ரொட்டிக்காரருக்கு நிறுவனத்திலிருந்து கடிதம் வந்தது. மனைவி சத்தமாகப் படிக்கச் சொன்னாள். அவர் படித்தார்.

"தங்கள் ஆய்வேடு கவனமாகப் பரிசீலிக்கப்பட்டது. இதில் தாங்கள் கண்டதாகக் கூறும் முடிவு, இந்நிறுவனத்தின் நாற்பத்தொரு ஆய்வேடுகளிலும் முன்னரே நிறுவப்பட்டுள்ளது. புதிய செய்தி எதுவும் இல்லாமையால் ஆய்வேடு நிராகரிக்கப்படுகிறது. மேலும், மேற்கோளுக்குப் பக்கம் 61 எனத் தாங்கள் குறித்திருப்பது பிழை. சரியான பக்கம் 214. அயல்மொழி நூல்களை மேற்கோள் காட்டும்போது மூலத்தை ஒருமுறையேனும் படித்துப் பார்க்குமாறு அறிவுறுத்தப்படுகிறது."